கிரீஸ் கை: ஸ்ப்ரிங்கை வெட்டினேன்... அம்மா பஸ் ஏறிட்டாங்க!

போன வாரம் பைக் செயினைக் கழுவி, துடைச்சு, எண்ணெய் விட்டோம். கை கழுவிட்டீங்கதானே? பரவாயில்லை, மறுபடியும் கறுப்பாக்கிக்கலாம் வாங்க. இந்த வாரம் நாலு சக்கரம்!

எங்க வீட்ல ஒரு 'அண்ணன்' இருக்கார். என்னைவிட ஏழு வயசு மூத்தவர். 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. கலர் வெள்ளைன்னு ஆர்.சி. புக் சொல்லுது. நேர்ல பார்த்தா டீ கொட்டின வேட்டி மாதிரி இருப்பார். எனக்கு நாலு வயசு இருக்கும்போது அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கினது. நான் ஏ, பி, சி, டி படிச்சதே அதோட நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான்.

உங்க வீட்லயோ, பெரியப்பா வீட்லயோ இப்படி ஒரு அண்ணன் கவர் போட்டுத் தூங்கிட்டு இருப்பார். 1983 டிசம்பர்ல முதல் வண்டி வந்தது. நமக்குத் தெரிஞ்ச அந்த உருவம் 1986-ல வந்தது. 2014 ஜனவரியில தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. நடுவுல 25 லட்சத்துக்கும் மேல வித்துருக்கு. அதனால, 'பழைய 800-ஐ கெத்தா மாத்தணும்'கிற ஆசை எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. நம்ம நாட்டுல பாதி மெக்கானிக்கல் பசங்களுக்கு வந்த ஜுரம்!

அந்த ஜுரத்துல நான் பண்ணின வேலையைச் சொல்றேன். சிரிச்சுக்கோங்க. ஆனா, கடைசி வரைக்கும் படிங்க.

ஒன்றரைச் சுத்து

க்ளாஸ்மேட் ஒருத்தன் மொபைல்ல ஒரு படம் காட்டினான். தரையோட தரையா ஒட்டிக்கிட்டு ஒரு மாருதி 800. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல விரல்கூட நுழையாது. பானெட்டைத் திறந்தா, சிவப்புக் கலர்ல காளான் மாதிரி ஒரு ஏர் ஃபில்டர். பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள்ள ஜிவ்வுனு ஏறிடுச்சு.

"ஸ்ப்ரிங்கை வெட்டினா தாழ்ந்துடும் மச்சி. அவ்ளோதான் மேட்டர்!"

அவன் வீட்டு ஷெட்ல ஆங்கிள் கிரைண்டர் இருந்தது. ஒரு சனிக்கிழமை, ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழட்டினோம். ஸ்ட்ரட்டைக்கூட வெளியே எடுக்கலை. இருந்த இடத்துலயே, கீழ்ப்பக்கமா, ரெண்டு ஸ்ப்ரிங்லயும் ஒன்றரைச் சுத்து வெட்டினோம். அரை அடி தள்ளி பிரேக் ஹோஸ் தொங்குது, தீப்பொறி பறக்குது, நாங்க ரெண்டு பேரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு போஸ் கொடுக்கிறோம். இப்ப நினைச்சா வயித்தைக் கலக்குது.

மொத்தச் செலவு, ரெண்டு டீ, நாலு பஜ்ஜி. அண்ணன் முன்பக்கம் குனிஞ்சு, பாயப்போற காளை மாதிரி நின்னார். அப்பா பார்த்துட்டு, "டயர்ல காத்து இல்லையாடா?"ன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கலை.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல அம்மாவை ஏத்திக்கிட்டு, தாம்பரத்துல இருந்து காஞ்சிபுரத்துல இருக்கிற பாட்டி வீட்டுக்குக் கிளம்பினேன். திரும்பி வரும்போது இருட்டிடுச்சு, மழை வேற. படப்பை பக்கத்துல, பெயின்ட் அழிஞ்ச ஒரு ஸ்பீட் பிரேக்கர். பார்க்கலை. ஏறி இறங்கினேன்.

டொங்!

ஸ்டீயரிங் தானா வலது பக்கம் இழுத்தது. எதிர்ல பஸ். ஹெட்லைட் வெளிச்சம் கண்ணாடி முழுக்க. எப்படித் திருப்பினேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. ரோட்டோரச் சேத்துல வண்டி நின்னப்ப, வைப்பர் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

அம்மா திட்டலை. அதுதான் பயமா இருந்தது. ரெண்டு நிமிஷம் கழிச்சு, "மெதுவா போ"ன்னாங்க. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை கைப்பையை எடுத்துக்கிட்டு, "நீ வண்டியில வா. நான் பஸ்ல போயிடறேன்"னு கிளம்பிட்டாங்க.

அரியர் இல்லாத அவமானம்

குரோம்பேட்டையில எங்க வண்டியைப் பல வருஷமா பார்க்கிற பாய், சக்கரத்தைக் கழட்டிட்டு என்னைக் கூப்பிட்டார். டயரோட உள்பக்கம் கத்தியால கீறின மாதிரி ஒரு கோடு. வெட்டின ஸ்ப்ரிங்கோட முனை, தான் உட்கார வேண்டிய சீட்டை விட்டு நகர்ந்து, டயரை உரசியிருக்கு. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தா டயர் வெடிச்சிருக்கலாம்.

பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, வண்டி உசரத்தைக் குறைச்சீங்க, சரி. ரோட்டு மேட்டைக் குறைச்சீங்களா?"

நடந்தது என்னன்னு எனக்கு உடனே புரிஞ்சது. ஏன்னா, 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர்ல ஸ்ப்ரிங் கணக்கைப் போட்டு நான் பாஸ் பண்ணியிருக்கேன். அரியர் வெச்சிருந்தாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும்!

ஞாபகம் இருக்கா? சுருள் ஸ்ப்ரிங்கோட விறைப்பு, சுத்துகளோட எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். வேலை செய்யற சுத்து ஆறுன்னு வெச்சுக்கோங்க. ஒன்றரையை வெட்டினா மிச்சம் நாலரை. ஆறை நாலரையால வகுத்தா 1.33. அதாவது, ஸ்ப்ரிங் மூணுல ஒரு பங்கு அதிகமா விறைச்சுடுச்சு. ஆனா, அதை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பர் பழைய ஸ்ப்ரிங்குக்காகச் செஞ்சது. யானையைக் கட்ட ஆட்டுக் கயிறு!

இது முதல் தப்பு. ரெண்டாவது, சக்கரம் மேலே ஏறி இறங்க இருந்த இடம் குறைஞ்சுபோச்சு. சின்ன மேட்டுக்கே ரப்பர் ஸ்டாப்பர்ல போய் முட்டும். அந்தக் கணத்துல உங்க வண்டிக்கு சஸ்பென்ஷனே கிடையாது. இரும்பும் ரோடும் நேருக்கு நேர்.

மூணாவதுதான் ஆளைக் கொல்றது. 800-ல முன்பக்கம் இருக்கிறது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்ப்ரிங் எப்பவும் கொஞ்சம் அழுத்தத்தோடயே மேல் சீட்டுக்கும் கீழ் சீட்டுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கணும். வெட்டினா நீளம் குறையுது. மேட்டுல ஏறி சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது ஸ்ப்ரிங் லூஸாகி ஆடும். திரும்ப இறங்கும்போது சரியான இடத்துல உட்காரும்னு எந்த கேரன்டியும் இல்லை. கீழ் முனை சீட்டோட பள்ளத்துல பொருந்தற மாதிரி செஞ்சு வந்திருக்கும். நான் வெட்டி எறிஞ்சது அந்த முனையைத்தான்.

சில இடங்கள்ல வெட்டாம, கேஸ் வெல்டிங் வெச்சு ஸ்ப்ரிங்கைச் சூடு பண்ணி உட்கார வைப்பாங்க. அது இன்னும் மோசம். ஸ்ப்ரிங்குக்கு உயிரே அதோட டெம்பர்தான். சூடு காட்டினா அது போயிடும். அப்புறம் அது வெறும் கம்பி.

முதல்ல பழசைப் புதுசாக்குங்க

'அப்போ சஸ்பென்ஷன்ல எதையுமே தொடக் கூடாதா?'ன்னு கேக்கறீங்களா? தொடலாம் பாஸ். ஆனா, இருபது வருஷ வண்டியில முதல் மாடிஃபிகேஷன், அது ஷோரூம்ல இருந்து வந்தப்ப எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவர்றதுதான். நம்மில் முக்கால்வாசிப் பேர் 800 எப்படி ஓடும்னு பார்த்ததே இல்லை. தேய்ஞ்ச 800 எப்படி ஓடும்னுதான் பார்த்திருக்கோம்.

பாய் என்ன பண்ணினார் தெரியுமா? புது ஸ்ப்ரிங், ரெண்டு பக்கமும் புது ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் மேல் மவுன்ட். எல்லாமே கம்பெனி அளவு. கடைசியா வீல் அலைன்மென்ட். என்னோட ரெண்டு மாச இன்டர்ன் சம்பளம் காலி. ஓட்டிப் பார்த்தா... சத்தியமா வேற வண்டி! ஸ்டீயரிங்ல அந்தப் பழைய லொடலொடப்பு இல்லை. வளைவுல சொன்ன இடத்துல திரும்புது. எல்லாமே கையளவு ரப்பரும் இரும்பும்தான். படம் எடுத்துப் போட்டா ஒரு லைக் வராது!

உங்க வண்டியை நீங்களே செக் பண்ணுங்க.

1. பம்பர் மூலையை அழுத்தி விடுங்க. ஒருமுறை எழும்பி, அடங்கி நின்னா ஓகே. ஊஞ்சல் ஆடினா ஷாக் அப்சார்பர் முடிஞ்சது. மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும்.

2. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வெச்சு, முன்சக்கரத்தை மேலும் கீழுமா பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமா பிடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆடினா டை ராட் எண்ட் பக்கம் சந்தேகப்படுங்க.

3. டயர் ஒரு ஓரமா மட்டும் தேயுதா? அலைன்மென்ட் போச்சு. இல்லைன்னா புஷ் போச்சு.

4. ஸ்ட்ரட்டைப் பிரிக்கணும்னா ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர் இல்லாம மேல் நட்டைத் தொடவே தொடாதீங்க. அடைச்சு வெச்ச ஸ்ப்ரிங் முகத்துல பாய்ஞ்சா ப்ளேஸ்மென்ட் போட்டோ எடுக்க முகம் இருக்காது. இதை ஷெட்லயே கொடுத்துடுங்க.

5. சென்னைப் பசங்களுக்கு புதுப்பேட்டை தெரியும். கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் அங்கே பழசு வாங்கலாம். பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர், பிரேக் சாமான் மட்டும் பழசு வேண்டாம்.

இப்ப அலாய் வீல். 800-க்கு கம்பெனி டயர் 145/70 ஆர்12. மொத்த விட்டம் கிட்டத்தட்ட 508 மில்லிமீட்டர். நம்ம பசங்க ஆசைப்படற 13 இன்ச் ரிம்ல 155/65 போட்டா 532. கிட்டத்தட்ட 5 சதவிகிதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 63 போவீங்க. எல்லா கியரும் அதே அளவு சோம்பேறி ஆயிடும். இருக்கிறதே 37 குதிரை. அதுக்கும் செருப்பு பெரிசா வாங்கிக் கொடுத்தா எப்படி ஓடும், பாவம்!

காளான் சாப்பிட்ட மூணு குதிரை

பானெட்டைத் திறப்போம். 796 சி.சி., மூணு சிலிண்டர். முதல்ல அந்தச் சிவப்புக் காளான் ஃபில்டரைப் பார்ப்போம்.

கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பா அசிங்கமா இருக்கலாம். ஆனா, அது வெளிக்காத்தைக் குழாய் வழியா எடுத்துட்டு வருது. டப்பாவைத் தூக்கிட்டு காளானை மாட்டினா, அது பானெட்டுக்குள்ளே இருக்கிற சூடான காத்தைத்தான் குடிக்கும். வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரின்னு வெச்சு, கெல்வின்ல மாத்தி வகுத்துப் பாருங்க. காத்தோட அடர்த்தி 9 சதவிகிதம் குறையுது. அடர்த்தி குறைஞ்சா ஆக்ஸிஜன் குறையும், சக்தி குறையும். தோராயமா 37 குதிரையில மூணு குதிரை அவுட்! ஆனா சத்தம் மட்டும் 'புர்ர்ர்'னு கூடும். அதைக் கேட்டு, 'மச்சி, பிக்கப் ஏறிடுச்சு'ன்னு நாமளே நம்பிடுவோம். காசு கொடுத்துக் குதிரையை வித்த கதை!

நிஜமாவே வித்தியாசம் தெரியணுமா? கார்புரேட்டரைக் கழட்டி க்ளீன் பண்ணுங்க. டாப்பெட் செட்டிங், இக்னிஷன் டைமிங் பாருங்க. புது ஸ்பார்க் பிளக். அப்புறம் என்ஜின் மவுன்ட். மூணு சிலிண்டர் என்ஜினுக்கு முனைக்கு முனை தாலாட்டற குணம் பிறவியிலேயே உண்டு. மவுன்ட் ரப்பர் செத்துப்போனா அந்த ஆட்டம் நேரா உங்க சீட்டுக்கு வரும். புதுசு போட்டா சிக்னல்ல வண்டி ஓடுதா, ஆஃப் ஆயிடுச்சான்னே சந்தேகம் வரும்.

அடுத்தது உயிர் விஷயம். பெட்ரோல் ஹோஸ். இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1990-கள்ல செஞ்ச ரப்பர் இதுக்காகச் செஞ்சது இல்லை. பழைய ஹோஸும் கேஸ்கட்டும் சீக்கிரமே விறைச்சு, வெடிப்பு விடலாம். கையால வளைச்சுப் பாருங்க. மேல்தோல்ல கீறல் தெரிஞ்சா அன்னைக்கே மாத்துங்க, க்ளிப்பையும் சேர்த்து. என்ஜின் பேயில க்ரோம் மூடி போடறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய அலங்காரம் இதுதான்.

வயரிங்கும் அப்படியே. வெளிச்சம் பத்தலைன்னு 100 வாட்ஸ் பல்பு மாட்டறாங்க. கம்பெனி பல்பு ஹை பீம்ல 60 வாட்ஸ். ரெண்டு விளக்குக்கும் 12 வோல்ட்ல மொத்தம் 10 ஆம்பியர். நீங்க போடறது கிட்டத்தட்ட 17 ஆம்பியர் இழுக்கும். வயர் அதே பழைய வயர். உருகும், புகையும், அப்புறம் டி.வி. நியூஸ்ல வருவீங்க! 60 வாட்ஸ் பல்பையே வெச்சுக்கிட்டு, பேட்டரியில இருந்து ஃபியூஸோட தனி வயரும் ரிலேவும் போட்டு, எர்த் கனெக்‌ஷனைச் சுரண்டி க்ளீன் பண்ணுங்க. நடுவுல வீணாகிற வோல்டேஜ் பல்புக்கே போய்ச் சேரும். எதிர்ல வர்றவர் கண்ணும் பிழைக்கும்.

இலவச ட்யூனிங் ஒண்ணு சொல்லவா? 800-ஓட எடை சுமார் 650 கிலோ. ஆளுக்கு 65 கிலோன்னு அஞ்சு பசங்க ஏறினா 325 கிலோ. பாதி வண்டி! டிக்கியில இருக்கிற சப்-வூஃபர் பெட்டியையும், ஓசியில ஏறின ரெண்டு பேரையும் இறக்கி விடுங்க. எந்த ஃபில்டரும் தராத பிக்கப் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் மாறுற அளவுக்கு வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே 2019-ல சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு கொண்டுவந்துட்டாங்க. என்ஜின் மாத்தறது, கலர் மாத்தறது எல்லாத்துக்கும் முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கணும், அங்கே வண்டியைச் சோதிப்பாங்க. விபத்துன்னு வந்தா, சொல்லாம பண்ணின மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸும் கையை விரிக்கலாம்.

'அப்போ என் ஆசை?' அதுக்கு இடம் இருக்கு. ரேஸ் டிராக்! கோவைக்காரரான கரிவர்தன், இதே மாருதி 800 என்ஜினை வெச்சு 'ஃபார்முலா மாருதி' ஒற்றை சீட் ரேஸ் கார்களை உருவாக்கினவர். 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன், ஆரம்பத்துல ஓட்டினது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். அப்பா ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போன அதே என்ஜின், பாஸ்!

கரிவர்தன் பேர்லயே கோவையில 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கு. காலேஜ் டீம்கள் தாங்களே செஞ்ச காரைக் கொண்டுவந்து மோதுற 'ஃபார்முலா பாரத்' போட்டி அங்கே நடந்திருக்கு. ஸ்ப்ரிங் விறைப்பை நீங்களே கணக்குப் போடலாம், சஸ்பென்ஷனை நீங்களே வரையலாம். ஏன் இந்த அளவு வெச்சீங்கன்னு நடுவர்கள் நிக்க வெச்சுக் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சவன் ஸ்ப்ரிங்ல கைவைக்கலாம். 'மச்சி, தாழ்வா இருந்தா கெத்து'ங்கிறது அங்கே பதில் கிடையாது. ரோட்டுலயும் கிடையாது.

வெட்டின துண்டு

வெட்டி எறிஞ்ச அந்த ஒன்றரைச் சுத்து ஸ்ப்ரிங் துண்டு ஒண்ணு என் மேஜை மேல இருக்கு. பேப்பர் வெயிட். இதை எழுதும்போதும் அதுதான் காகிதத்தை அமுக்கிட்டு இருக்கு.

வண்டி ரெடியான பிறகும் மூணு ஞாயிறு அம்மா பஸ்லதான் போனாங்க. நான் கூப்பிடலை. எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது? நாலாவது ஞாயிறு காலையில நான் ஜாக்கி போட்டு, சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு இருந்தேன். அம்மா வாசல்ல வந்து நின்னு, "என்னடா தேடற?"ன்னாங்க. ஒவ்வொண்ணா காட்டினேன். இது ஸ்ப்ரிங், இது சீட், இதுல இது இப்படி உட்காரணும், அன்னைக்கு இது இப்படி நகர்ந்துடுச்சு, தப்பு என்னுதுதான். அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. கடைசி வரைக்கும் கேட்டாங்க.

"சரி, சக்கரத்தை மாட்டு"ன்னு சொல்லிட்டு, உள்ளே போய்க் கைப்பையை எடுத்துட்டு வந்தாங்க.

படப்பை ஸ்பீட் பிரேக்கர்ல வேகத்தைக் குறைச்சு, ரெண்டாவது கியர்ல ஏறி இறங்கினேன். அண்ணன் ஒரு சத்தம் போடலை. அம்மா தூங்கிட்டு இருந்தாங்க.

அடுத்த வாரம்: பேட்டரி ஏன் திங்கக்கிழமை காலையில மட்டும் சாகுது? கையைக் கழுவிட்டு வந்துடுங்க!